கடல்நீர் கலந்த தேறல்

நம்முடைய சரித்திர நாவல்களில் யவனர்கள் கொண்டுவரும் மது எப்போதும் சிவப்பாகவே இருக்கிறது. எப்போதும் இனிப்பாகவும் இருக்கிறது. பொற்கிண்ணத்தில் அதை வார்த்ததும் கதாநாயகிக்குக் கண் செருகும்; ஒற்றன் உளறுவான்; அடுத்த அத்தியாயத்தில் கோட்டைக் கதவு திறந்துவிடும். சாண்டில்யனின் 'யவன ராணி' ஒரு தலைமுறை வாசகர்களை வசீகரித்தது. அதன் பிறகு அந்த வழியில் எழுத வந்தவர்களில் பலர், யவனர் என்றால் நீலக் கண், நீண்ட வாள், திராட்சை மது என்ற மூன்றோடு திருப்தியடைந்து விட்டார்கள். நான் இங்கே குறை சொல்லப் போவது மூன்றாவதைப் பற்றி மட்டும்தான். கண்ணையும் வாளையும் வேறு யாராவது கவனித்துக் கொள்ளட்டும்.

கதை எழுதுகிறவனுக்கு இதெல்லாம் எதற்கு என்று கேட்கலாம். கேட்கிறார்கள். கல்கத்தாவில் நடக்கிற கதையில் ஒருவன் மீன் குழம்பு சாப்பிட்டால், அதில் கடுகெண்ணெய் வாசனை வீசாவிட்டால் வாசகர் சும்மா விடமாட்டார். இரண்டாயிரம் வருஷத்துக்கு முன்னால் குடித்த மதுவைப் பற்றி எழுதினால் மட்டும் எந்த வாசனையும் வேண்டாமா? காலத்தின் தூரம் ஆசிரியனுக்குச் சலுகை என்று நாம் நினைத்துவிட்டோம். என் அபிப்பிராயத்தில் அது கூடுதல் கடன்.

இந்த மதுவுக்கு நம்மிடம் உள்ள முக்கியமான சாட்சி புறநானூற்றின் 56ஆம் பாட்டு. நக்கீரர், பாண்டியன் நன்மாறனைப் பாடியது. அரசனைச் சிவனுக்கும் பலராமனுக்கும் திருமாலுக்கும் முருகனுக்கும் இணையாக வைத்துவிட்டு, கடைசியில் வாழ்த்துகிறார்: யவனர் கொண்டுவந்து தந்த தேறலை, பொன்னால் செய்த கிண்ணத்தில் ஏந்தி வளையணிந்த பெண்கள் நாள்தோறும் ஊட்ட, நீ மகிழ்ந்து நடப்பாயாக; சூரியனையும் சந்திரனையும் போல நிலைத்திருப்பாயாக. நாவலாசிரியர்களின் பொற்கிண்ணம் இங்கிருந்து வந்ததுதான். ஆனால் பாட்டை நிதானமாகப் படித்தால் ஒன்று தெரியும். நக்கீரர் அந்தத் தேறலுக்குக் கொடுக்கிற அடைமொழிகள் இரண்டு: குளிர்ச்சி, மணம். அவ்வளவுதான். இனிப்பு என்று அவர் சொல்லவில்லை. சிவப்பு என்றும் சொல்லவில்லை. நாக்கைப் பற்றிய சொல் ஒன்றுகூட இல்லை. இனிப்பையும் சிவப்பையும் சேர்த்தது நாம்.

அந்த இடத்தில் 'கலம்' என்ற சொல் வருகிறது. தமிழில் கலம் என்றால் பாத்திரமும் உண்டு, மரக்கலமும் உண்டு. நல்ல கப்பலில் வந்த தேறலா, நல்ல பாத்திரத்தில் வந்த தேறலா என்று இரண்டு விதமாகவும் படிக்க இடம் இருக்கிறது. பழைய உரைகாரர் பாத்திரம் என்றே எடுத்துக்கொண்டு 'குப்பி' என்கிறார். அவர் காலத்தில் வாசனைத் திரவியம் குப்பியில் வந்திருக்கும். தமக்குத் தெரிந்த பாத்திரத்தைப் பாட்டுக்குள் வைத்தார். அதைத் தப்பென்று சொல்லமாட்டேன். உரையாசிரியன் தன் வீட்டு வெளிச்சத்தில்தானே படிக்க முடியும்? ஆனால் 1894இல் உ. வே. சாமிநாதையர் புறநானூற்றை அச்சேற்றியபோது கிடைக்காத ஒரு வசதி நமக்குக் கிடைத்திருக்கிறது. அந்தக் கலத்தின் உடைசல்கள் மண்ணுக்குள்ளிருந்து வெளியே வந்துவிட்டன. அவை குப்பி அல்ல. ஆள் இடுப்பளவு உயரமுள்ள மண் சாடிகள்.

1945இல் மார்ட்டிமர் வீலர் புதுச்சேரிக்குப் பக்கத்தில் அரிக்கமேட்டைத் தோண்டினார். அங்கே கிடைத்த சாடி ஓடுகளைப் பிற்காலத்தில் எலிசபெத் லைடிங் வில் என்ற அமெரிக்க அம்மையார் ஆராய்ந்தார். சாடியின் கைப்பிடி, கழுத்து, அடி இவற்றின் உருவத்தைக் கொண்டே அது எந்த ஊர்ச் சாடி என்று சொல்லிவிடும் அளவுக்குப் பழகிய கண் அவருக்கு. அரிக்கமேட்டுச் சாடிகளில் பல காஸ் தீவின் மாதிரியைச் சேர்ந்தவை என்றார். ரோட்ஸ் தீவினுடையவையும் உண்டு. காஸ், இன்றைய துருக்கிக் கரையை ஒட்டி மத்தியதரைக் கடலின் கிழக்கு மூலையில் இருக்கிற சின்னத் தீவு. வைத்திய சாஸ்திரத்தின் பிதா என்று மேல்நாட்டார் சொல்லும் ஹிப்போகிராட்டஸ் பிறந்த ஊர்.

பாலாறு கடலில் சேருமிடத்துக்கு அருகே வசவசமுத்திரத்தில், 1970இல் நடந்த அகழ்வில் இதே மாதிரி சாடி ஓடுகள் கிடைத்தன. காஞ்சிபுரத்திலும் கிடைத்தன. 2022இல், ஒரகடத்துக்கு அருகே வடக்குப்பட்டு என்ற கிராமத்தில் இந்தியத் தொல்லியல் துறை தோண்டியபோது, மேலே பல்லவர் காலத்துச் சின்னங்கள், அதற்குக் கீழே சங்க காலத்து மட்பாண்டமும் மணிகளும், அதற்கும் கீழே கற்காலத்து மனிதன் செதுக்கிப் போட்ட கருவிகள் என்று அடுக்கடுக்காக வந்தன. சங்க காலத்து அடுக்கில் ரோமானிய வியாபாரத்தின் சாடி ஓடுகளும் இருந்தன.

ஒரகடம் என்றால் இன்று வாசகருக்கு என்ன ஞாபகம் வரும் என்று எனக்குத் தெரியும். ஸ்ரீபெரும்புதூரிலிருந்து சிங்கப்பெருமாள் கோயில் வரை போகிற அந்தச் சாலையில் நானும் போயிருக்கிறேன். இரண்டு பக்கமும் காம்பவுண்டுச் சுவர். சுவருக்குப் பின்னால் வெயிலில் வரிசையாக நிற்கும் புதுக் கார்கள். ஷிப்டு மாறுகிற நேரத்தில் கம்பெனிப் பஸ்கள். நடுநடுவே இன்னும் மூடப்படாத ஏரி. அந்தப் பூமியே விசித்திரமானது. ஸ்ரீபெரும்புதூர்ப் படிவம் என்று பூகர்ப்ப சாஸ்திரிகள் ஒரு பெயர் வைத்திருக்கிறார்கள். பத்துக் கோடி ஆண்டுகளுக்கும் முந்திய களிப்பாறை. உடைத்தால் ஏடு ஏடாகப் பிரியும். ஏட்டுக்கு நடுவே இலை பதிந்திருக்கும். அத்தனை பழைய மண்ணின் மேல், கடல் தாண்டி வந்த ஒரு சாடி உடைந்து கிடந்தது என்ற எண்ணம் எனக்குப் பிடித்திருந்தது. கதை எழுதுகிறவனுக்கு இந்த மாதிரி சபலம் உண்டு. ஆனால் சபலத்தை மட்டும் வைத்து எழுதினால் மறுபடியும் சிவப்பு மதுவில்தான் போய் நிற்போம்.

ஆகவே, சாடிக்குள் என்ன இருந்தது என்று பார்க்கலாம்.

இந்தச் சாடிக்கு இரண்டு கைப்பிடி. அடி கூர்மையாக இருக்கும். தரையில் தானாக நிற்காது. கப்பலின் வயிற்றில் ஒன்றன் தோளில் ஒன்றை அணைத்துச் செருகி அடுக்குவதற்காக அப்படிச் செய்தார்கள். காஸ் தீவுச் சாடியின் கைப்பிடி மட்டும் இரண்டு உருளைகளை ஒட்டவைத்த மாதிரி இரட்டையாக இருக்கும். ஒரு சாடியில் ஏறக்குறைய இருபத்தைந்து லிட்டர் பிடிக்கும். சுட்ட மண் கசியுமல்லவா? அதற்காக உட்புறம் முழுவதும் பைன் மரத்துப் பிசினைக் காய்ச்சிப் பூசுவார்கள். மாதக் கணக்கில் அந்தப் பிசினோடு கிடந்து வருகிற மதுவில் பிசின் வாசனை ஏறாமல் இருக்காது. நக்கீரர் சொன்ன மணம் அதுவாக இருக்கலாம் என்பது என் ஊகம். குளிர்ச்சிக்கு ஊகம் வேண்டாம். மண் சாடியில் வைத்த எதுவும் குளிர்ந்திருக்கும் என்று பானைத் தண்ணீர் குடித்த யாருக்கும் தெரியும். நக்கீரர் பார்த்ததைத்தான் சொல்லியிருக்கிறார். தொட்டுப் பார்த்தார், முகர்ந்து பார்த்தார். குடித்துப் பார்க்க அரசன் கொடுத்தானோ இல்லையோ, அதைப் பற்றி மௌனமாக இருந்துவிட்டார்.

குடித்துப் பார்த்திருந்தால் அவருக்கு ஓர் ஆச்சரியம் காத்திருந்திருக்கும். காஸ் தீவின் மது உப்புக் கரிக்கும். அதில் கடல்நீரைக் கலப்பது அந்தத் தீவின் வழக்கம். வெசூவியஸ் எரிமலை கக்கிய கி.பி. 79இல் மாண்டுபோன மூத்த பிளினி, தம்முடைய இயற்கை வரலாற்றின் பதினாலாவது புத்தகத்தில் இதற்கு ஒரு காரணம் சொல்கிறார். தினமும் இத்தனை அளவு மது பிழிந்து கொடுக்க வேண்டும் என்ற கட்டாயத்தில் இருந்த ஓர் அடிமை, அளவை நிரப்புவதற்காகத் திருட்டுத்தனமாகக் கடல்நீரை ஊற்றினான். அது பிடித்துப்போய் ஊர் வழக்கமாகிவிட்டது. கதை நிஜமோ பொய்யோ, எனக்கு அந்த அடிமையை மறக்க முடியவில்லை. பால்காரன் தண்ணீர் கலக்கிற கதை நமக்குப் புதிதில்லை. இவன் கலந்தது கைக்கு எட்டின தூரத்திலிருந்த கடலை.

பிளினிக்கு இருநூறு வருஷத்துக்கு முன்பே கேட்டோ என்ற ரோமானியர், காஸ் தீவுக்குப் போகாமல் இத்தாலியிலேயே காஸ் மதுவைச் செய்வது எப்படி என்று பக்குவம் எழுதி வைத்தார். அறுவடைக்கு எழுபது நாள் முன்பு, காற்றில்லாத நாளில், ஆற்றுநீர் கலக்காத ஆழக் கடலில் தண்ணீர் மொண்டு வரவேண்டும். தெளிய வைக்க வேண்டும். பிறகு பழத்தோடு சேர்க்க வேண்டும். உப்பு சேர்ந்தால் மது சீக்கிரம் கெடாது என்பதுதான் விஷயம். மதுவைப் போலச் செய்தவர்கள் சாடியையும் போலச் செய்தார்கள். இத்தாலியில் நேபிள்ஸ் பக்கத்துச் சூளைகளில் இரட்டைக் கைப்பிடிச் சாடிகள் ஆயிரக்கணக்கில் செய்யப்பட்டன. எனவே அரிக்கமேட்டில் காஸ் உருவத்தில் ஒரு சாடி கிடைத்தால், அது தீவுச் சரக்காகவும் இருக்கலாம், தீவின் பெயரில் விற்ற இத்தாலியச் சரக்காகவும் இருக்கலாம். சாடி ஆராய்ச்சியில் இன்னொரு திருத்தமும் உண்டு. ராபர்ட்டா டோம்பர் என்ற அறிஞர் இந்தியாவில் கிடைத்த 'ரோமானியச்' சாடிகளை மறுபடி பரிசோதித்து, அவற்றில் பல ரோமானியச் சாடிகளே அல்ல, மெசபடோமியாவிலிருந்து வந்த கைப்பிடியில்லாத நீளச் சாடிகள் என்று காட்டினார். அவற்றின் உட்புறத்தில் பைன் பிசின் இல்லை, கீல் பூசியிருக்கும். ஓடு கிடைத்ததும் ரோமாபுரி என்று குதிக்கிற பத்திரிகைச் செய்தியை நாம் சற்று மெதுவாகப் படிக்க வேண்டும்.

இவ்வளவும் சொன்னது, யவனர் மது உயர்ந்த வஸ்து அல்ல என்று காட்டுவதற்கல்ல. சொந்த ஊரில் அது நடுத்தரச் சரக்கு. நம் கரையில் அரசனுக்குத் தகுந்தது. தூரம் அதன் தரத்தை உயர்த்தியது. பெரிப்ளஸ் என்ற கிரேக்கக் கடல்வழிக் குறிப்பு, முசிறிக்கு மது வந்ததென்றும், ஆனால் அதிகமில்லை என்றும் சொல்கிறது. அதிகமில்லாததுதான் அரசன் கிண்ணத்துக்குப் போகும். நாவலில் வருகிற பாண்டியனுக்கு அந்த மது உசத்தி. அதைக் கொண்டுவந்த மாலுமிக்கு அது தினசரி வயிற்றுக்கு விடுகிற சாமான். ஒரே திரவம், இரண்டு மதிப்பு. இதில் ஒரு காட்சி இருக்கிறது. எழுத ஆள் இல்லை.

திராட்சைக்கும் மண்ணுக்கும் உள்ள சம்பந்தத்தையும் நம்மவர்கள் கவனித்ததில்லை. அதே கடலில் சாந்தோரினி என்று ஒரு தீவு. சுமார் 3,600 ஆண்டுகளுக்கு முன் எரிமலை வெடித்துத் தீவின் நடுப்பாகமே கடலில் மூழ்கிவிட்டது. மிச்சமிருப்பது சாம்பலும் நுரைக்கல்லும். மழை சொற்பம். காற்றோ பேய்க்காற்று. அங்கே கொடியை நிமிர விடமாட்டார்கள். தரையோடு தரையாகக் கூடை மாதிரி வளைத்து முடைந்துவிடுவார்கள். குலைகள் கூடைக்குள் ஒளிந்து காய்க்கும். ராத்திரியில் கடலிலிருந்து வருகிற பனிமூட்டந்தான் தண்ணீர். பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஐரோப்பாவின் திராட்சைத் தோட்டங்களை ஒரு வேர்ப்பூச்சி தின்று தீர்த்தபோது, களிமண் கலப்பில்லாத இந்தச் சாம்பல் மண்ணில் அதற்கு வாழ முடியவில்லை. அதனால் அங்குள்ள வேர்கள் பல தலைமுறை கண்டவை.

நம் கம்பம் பள்ளத்தாக்கில் இதற்கு நேர் எதிர். அங்கே கொடி தரையில் கிடப்பதில்லை. ஆள் உயரத்துக்கு மேல் பந்தலில் படர்கிறது. குனிந்து கூடைக்குள் கைவிடுகிறவன் அங்கே. அண்ணாந்து கவாத்துச் செய்கிறவன் இங்கே. குளிர்காலம் என்று ஒன்று இல்லாததால் கொடிக்கு உறக்கமும் இல்லை. கவாத்துச் செய்யும் போதெல்லாம் துளிர்த்து, வருஷம் முழுவதும் ஏதாவது ஒரு தோட்டத்தில் காய்த்துக் கொண்டே இருக்கிறது. 2023இல் புவிசார் குறியீடு பெற்ற அந்தப் பன்னீர் திராட்சையின் சாஸ்திரப் பெயர் மஸ்கட் ஹாம்பர்க். அதைப் பெற்ற இரண்டு தாவரங்களில் ஒன்று அலெக்ஸாண்டிரியா மஸ்கட். இன்றும் பான்டெல்லேரியா, லெம்னாஸ் முதலிய மத்தியதரைக் கடல் தீவுகளில் விளைவது. ஆக யவனர் திராட்சையின் உறவுக்காரியை நாம் தள்ளுவண்டியில் கிலோக் கணக்கில் வாங்குகிறோம். கதையில் மட்டும் அவளைத் தெரியாதவள் மாதிரி நடத்துகிறோம்.

இனி நான் சொல்ல வந்த முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். வடக்குப்பட்டும் ஒரகடமும் இருக்கிற இந்தச் சீமைக்குச் சங்க இலக்கியத்தில் ஒரு தனிப் பாட்டே இருக்கிறது: கடியலூர் உருத்திரங்கண்ணனார் பாடிய பெரும்பாணாற்றுப்படை. காஞ்சியிலிருந்து ஆண்ட தொண்டைமான் இளந்திரையனிடம் போகும் வழியைச் சொல்லும் பாட்டு. அந்தக் கவிக்கு யவனரைத் தெரியும். யாகத் தூணின் உச்சியில் உட்கார்ந்திருக்கும் மீன்கொத்தியைப் பார்த்ததும், யவனருடைய அன்ன விளக்கு அவர் நினைவுக்கு வருகிறது. இப்பேர்ப்பட்ட கண்ணுள்ளவர் வழியில் மதுவைக் காட்டுகிற இடத்தில் என்ன செய்கிறார்? யவனர் சாடியைத் தேடிப் போகவில்லை. வலைஞர் குடியிருப்பில் நுழைகிறார். அரிசியைக் கூழாகக் காய்ச்சுகிறார்கள். அகன்ற வாயுள்ள தட்டில் ஆற்றுகிறார்கள். முளைகட்டிய நெல்லை இடித்து அதில் கலக்கிறார்கள். இரண்டு இரவும் இரண்டு பகலும் விடுகிறார்கள். பிறகு சாடியில் முதிர வைத்து, விரலால் அலைத்துப் பிழிகிறார்கள். மாவாக்கும் முறைக்கும் நாளுக்கும் பாத்திரத்துக்கும் தனித்தனியே சொல் இருக்கிறது. இன்றைக்கு ஒருவர் அந்த வரிகளை வைத்துக்கொண்டு அந்தக் கள்ளைக் காய்ச்சிவிடலாம். போலீஸ் விட்டால்.

ஏன் யவனர் தேறலுக்கு இரண்டே அடைமொழி, வலைஞர் கள்ளுக்கு இத்தனை விவரம்? ஒன்றைச் செய்து பார்த்தார்கள். மற்றது வந்து இறங்கியது. வந்து இறங்கிய பொருளைப் பற்றி, கண்ட அளவுக்கு மேல் அந்தக் கவிகள் ஒரு சொல் கூடப் பேசவில்லை. தெரியாததை அலங்காரத்தால் மூடவில்லை. எனக்கு இந்த அடக்கம் பெரிய கலையாகத் தோன்றுகிறது. நம் நாவல்களில் இது தலைகீழாகிவிட்டது. வந்து இறங்கிய மதுவுக்குப் பக்கம் பக்கமாக வர்ணனை. இங்கே காய்ச்சிய கள்ளுக்கு ஒரு சொல்தான், அதுவும் வசைச் சொல்.

இதில் நம் வர்க்கத்தின் வெட்கமும் கலந்திருக்கிறது. ஏழை குடித்தால் கள் அல்லது சாராயம். ராணி குடித்தால் மது. யவனன் குடித்தால் திராட்சை ரசம். கிறிஸ்தவ வேதத்தின் மொழிபெயர்ப்பில் வந்த கௌரவமான சொல்லைக் கடன் வாங்கிக் கொண்டோம். கள்ளின் மேல் வந்த கோபம் நியாயமானதுதான். கல்கி ராஜாஜியோடு திருச்செங்கோட்டில் இருந்து 'விமோசனம்' பத்திரிகையில் குடிக்கு எதிராக எழுதிய காலத்தில், குடியால் அழிந்த குடும்பங்கள் கண்ணெதிரே இருந்தன. வள்ளுவரும் ஓர் அதிகாரமே எழுதியிருக்கிறார். அந்தக் கோபத்தைச் சங்கப் பாட்டின் மேல் காட்டுவதுதான் அநியாயம். அதியமான் இறந்தபோது ஔவையார் அழுத பாட்டில், கொஞ்சம் கள் கிடைத்தால் எங்களுக்கே கொடுத்துவிடுவான் என்றுதான் அவர் நினைவு தொடங்குகிறது. அந்தக் கள்ளைப் 'பானம்' என்று மழுப்பிச் சொல்லிக் கொடுத்த ஆசிரியரிடம் நானும் படித்தேன். அழுகை பாதி போய்விட்டது.

'தேறல்' என்ற சொல்லையே எடுத்துக் கொள்ளுங்கள். தேறு என்றால் தெளி. வண்டல் அடியில் தங்கி மேலே தெளிந்து நிற்பது தேறல். நம்பு என்றும் தேறுக்குப் பொருள் உண்டு. ஒரு தொழிலின் முழு முறையும் அந்த மூன்று எழுத்துக்குள் இருக்கிறது. காய்ச்சத் தெரிந்தவர்கள் வைத்த பெயர் அது. தங்கள் தேறலைக் குறவர்கள் மூங்கில் குழாயில் முதிர வைத்தார்கள். வேறு சிலர் மண்ணில் புதைத்து வைத்தார்கள். அந்தப் பெயரைத்தான் யவனர் மதுவுக்கும் நக்கீரர் கொடுத்தார். அதற்கென்று ஒரு புதுப் பெயர் கட்டவில்லை. நம் நாவலாசிரியர்கள் 'மதிமயக்கும் மாற்றான் தேச மது' என்று எழுதுகிற இடத்தில் அவருக்கு உள்ளூர்ச் சொல் ஒன்றே போதுமானதாக இருந்தது.

சரித்திர நாவல் எழுதுகிறவர்களை மட்டும் இதற்காகப் பிடித்துக்கொள்வது சரியல்ல. சமூகக் கதை எழுதுகிற எங்கள் கூட்டமும் இதில் சளைத்ததில்லை. இளந்திரையனைப் பார்க்கப் போன பாணனின் அதே சீமையில் இன்று ஆயிரக்கணக்கான பிள்ளைகள் மூன்று ஷிப்டு வேலை செய்கிறார்கள். ஒரு கதவு எப்படிப் பொருத்தப்படுகிறது, ஒரு நாளில் எத்தனை தடவை ஒரே திருகை முறுக்குகிறான், இரவு ஷிப்டு முடிந்து வருகிற பெண் எட்டுப் பேர் தங்கும் அறையில் எந்தப் பாயில் படுக்கிறாள் என்றெல்லாம் நம் கதைகளில் தேடிப் பார்த்தேன். 'அவன் ஒரகடத்தில் ஒரு கம்பெனியில் வேலை பார்த்தான்' என்ற வாக்கியந்தான் அதிகம் கிடைத்தது. உருத்திரங்கண்ணனார் அந்த வலைஞர் வாசலில் இரண்டு இரவும் இரண்டு பகலும் நின்றார். நாம் பஸ் ஜன்னலிலிருந்து இறங்கவில்லை.

யவனர் மதுவுக்குத் திரும்பினால், என் சக எழுத்தாளர்களிடம் கேட்கிறது சின்ன விஷயம். சாடியைக் குப்பியாக்க வேண்டாம். அது தரையில் நிற்காது என்பதால் மணலில் குழித்துச் செருகுங்கள், அல்லது சுவரில் சாய்த்து வையுங்கள். மூடியைப் பெயர்த்ததும் பிசின் வாசனை வரட்டும். பொற்கிண்ணம் இருந்துவிட்டுப் போகட்டும், நக்கீரர் தந்தது. பாண்டியனுக்கு ஊட்டுகிற பெண்களில் ஒருத்தி, யாரும் பார்க்காத போது மிச்சத்தை ஒரு வாய் குடித்துப் பார்த்து, உப்புக் கரிக்கிறதே என்று முகத்தைச் சுளிக்கட்டும்.